பாந்தோல் செம்மதுவும் மறைய இருந்த ஒரு கொடியும்

மதுவைக் குறிக்கும் பழஞ்சொற்கள் தமிழில் பல உள்ளன. கள், நறவு, மட்டு, பிழி, தேறல் என்று சங்க நூல்கள் அவற்றை வழங்கும். இவற்றுள் தேறல் என்பது பொருள் பொதிந்த சொல். தேறுதல் என்பது தெளிதல். கலங்கிக் கிடந்த சாறு கசடு கீழே தங்கத் தெளிந்து நிற்பதே தேறல். யவனர் கொணர்ந்த மதுவைப் புறநானூற்றின் 56ஆம் பாட்டில் குறிப்பிடும் நக்கீரர் இச்சொல்லையே ஆள்கிறார். அந்த வாணிகத்திற்குச் சான்று மண்ணுக்கடியிலும் கிடைத்தது. 1945ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டை அகழ்ந்தபோது, மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து மது வந்த சாடிகளின் உடைந்த துண்டுகள் வெளிப்பட்டன.

அம்மத்தியதரைக் கடலின் கரையில் இன்றும் திராட்சை மது ஆக்கும் ஊர்கள் எண்ணற்றவை. ஆயினும் அங்கு ஆகும் மதுவில் மிகப் பெரும்பகுதி ஓரிரண்டு ஆண்டுகளுக்குள் அருந்தப்படுவதற்கே உரியது. வைத்திருந்தால் சுவை குன்றும். பத்து, இருபது, முப்பது ஆண்டுகள் புட்டியில் கிடந்து மேலும் மேலும் சிறக்கும் சிவப்பு மது சிலவே. அந்த ஆற்றல் எங்கிருந்து வருகிறது? மண் தருகிறதா, கொடி தருகிறதா, ஆக்குவோன் கை தருகிறதா? பிரான்சு நாட்டின் தென்கரையில் உள்ள பாந்தோல் என்னும் சிறு வட்டாரத்தின் வரலாறு இக்கேள்விக்கு நல்ல விடை அளிக்கிறது. மண் இருந்தது, கைத்திறனும் இருந்தது, ஆனால் கொடி மறையும் நிலைக்கு வந்துவிட்டது. அதனை மீட்டோர் வரலாறே ஈண்டுக் கூறப்படுவது. கள்ளுண்ணாமையை ஓர் அதிகாரமாகவே வகுத்த வள்ளுவரின் அறத்தைப் போற்றுவோரும் இதனை உழவின் வரலாறாகக் கொண்டு படிக்கலாம்.

மலையும் கடலும் காற்றும்

மார்செய், துலோன் என்னும் இரு பெருந்துறைமுகங்களுக்கு இடையே பாந்தோல் அமைந்துள்ளது. பாந்தோல் என்பது கடற்கரை ஊரின் பெயராயினும், அப்பெயர் பெற்ற மது எட்டு ஊர்களின் நிலத்தில் விளைகிறது. பாந்தோல், சனரி, சேன் சீர், லா கதியேர், லெ கஸ்தெலே, லெ போசே, எவனோ, ஒலியூல் என்பன அவ்வூர்கள். வடக்கே சேன்த் போம் என்னும் மலைத்தொடர் 1,100 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கிறது. அதன் அடிவாரத்திலிருந்து நிலம் வட்ட அரங்கம்போல் படிப்படியாகத் தாழ்ந்து தென்கடலை நோக்குகிறது.

ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மணி நேரம் வெயில் காயும் நிலம் இது. வடமேற்கிலிருந்து வீசும் மிஸ்திரால் என்னும் வறண்ட காற்று கொடிகளில் ஈரம் தங்கவிடாமல் உலர்த்திப் பூஞ்சை நோயைத் தடுக்கிறது. பகல் வெம்மையைக் கடற்காற்றுத் தணிக்கிறது. சரிவான நிலத்தில் மழைநீர் மண்ணை அரித்துச் செல்லாதிருக்க, உழவர்கள் கல்லின்மேல் கல் அடுக்கிச் சாந்து பூசாத சுவர்களை எழுப்பிப் படிநிலங்கள் ஆக்கினர். இவற்றை அவ்வூர் மக்கள் ‘ரெஸ்தாங்க்’ என்பர். தலைமுறை தலைமுறையாகக் கட்டியும் இடிந்தவற்றைப் பழுது பார்த்தும் காத்துவந்த இச்சுவர்களே அவ்வட்டாரத்தின் முதுகெலும்பு.

அம்மண்ணைப் பற்றிய வியத்தகு செய்தி ஒன்று உண்டு. பழைய பாறை கீழும் புதிய பாறை மேலும் இருப்பதே நிலத்தின் இயல்பான அடுக்கு. லெ போசே ஊரின் குன்றில் இம்முறை தலைகீழாக உள்ளது. இருபது கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழம்பாறை, அதனினும் பல கோடி ஆண்டுகள் இளைய பாறையின்மீது அமர்ந்திருக்கிறது. 1887ஆம் ஆண்டில் மர்செல் பெர்த்ரான் என்னும் நிலநூல் அறிஞர் இதனை ஆராய்ந்து, நிலத்தின் பெரும்பாளங்கள் தள்ளப்பட்டு ஒன்றன்மேல் ஒன்று ஏறியதன் விளைவு இது என்று விளக்கினார். மலைகள் தோன்றிய முறையை அறிய உதவிய தொடக்க ஆய்வுகளுள் இதுவும் ஒன்று. சுண்ணாம்பும் களியும் மணற்கல்லும் கலந்த இம்மண் வளம் குறைந்தது. வளம் குறைந்த மண்ணில் கொடி ஆழமாக வேர்விடும். காய் குறைவாகக் காய்க்கும். காய்த்தது செறிவாக இருக்கும்.

துறைமுகம் செழித்த நாட்கள்

பிரான்சுக்குத் திராட்சைப் பயிரைக் கொணர்ந்தோர் கிரேக்கர். கி.மு. 600 அளவில் போக்கேயா நகரத்துக் கிரேக்கர் மார்செய் நகரை நிறுவினர். பின்னர் வந்த உரோமானியரும் இக்கரையில் குடியேறி மது ஆக்கினர். சேன் சீர் கடற்கரையில் அவர்தம் மாளிகை ஒன்றின் எச்சங்களை இன்றும் காணலாம்.

பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் பாந்தோல் விரிகுடா மது வாணிகத்தால் பெயர் பெற்றது. காற்றுக்கு மறைவான அவ்விரிகுடாவில் கப்பல்கள் நங்கூரமிட்டன. உள்நாட்டு ஊர்களிலிருந்து பீப்பாய்கள் கரைக்கு வந்தன. அவற்றின் பலகையில் ‘பி’ என்னும் எழுத்துச் சூடு போடப்பட்டது. அங்கிருந்து அவை வட ஐரோப்பாவுக்கும் அமெரிக்கக் கண்டத்துக்கும் சென்றன. நெடுங்கடற் பயணத்தின் குலுக்கலையும் வெப்பத்தையும் தாங்கமாட்டாமல் பல ஊர் மதுக்கள் கெட்டுப்போயின. பாந்தோல் மது கெடாமல் நின்றதோடு பயணத்தால் மேம்பட்டது என்றும் வணிகர் கூறினர். எனவே ‘நெடுநாள் நிற்கும் மது’ என்பது அவ்வூருக்குப் பிற்காலத்து விளம்பரம் அளித்த பெயர் அன்று. கப்பல் வாணிகம் அளித்த பெயர்.

அவ்வாற்றலுக்குக் காரணம் மூர்வேதர் என்னும் கருந்திராட்சை வகை. இதன் தாயகம் ஸ்பெயின் நாடு. வலென்சியாவை அடுத்த சகுந்தோ நகருக்கு முற்காலத்தில் முர்வியேதுரோ என்று பெயர்; அப்பெயரே பிரெஞ்சு நாவில் மூர்வேதர் எனத் திரிந்தது என்பர். ஸ்பெயினில் இதனை மொனஸ்திரெல் என வழங்குவர். ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் மதாரோ என்ற பெயரும் உண்டு. பெயர் பல எனினும் இயல்பு ஒன்றே: பிந்தித் தளிர்க்கும், பிந்திப் பழுக்கும், குறைவாகக் காய்க்கும், தடித்த தோலில் மிகுந்த துவர்ப்பை வைத்திருக்கும். தலை வெயிலிலும் கால் நீரிலும் இருக்க விரும்பும் கொடி என்று அவ்வூர் உழவர் இதனைப் பற்றிக் கூறுவர். மேலே சுடரும் வெயில், ஆழத்தில் சிறிது ஈரம் என்னும் இரண்டும் வாய்த்த நிலம் அரிது. பாந்தோல் அத்தகைய நிலம்.

வேரைத் தின்ற பூச்சி

1860களில் பிரான்சின் தெற்கில் திராட்சைக் கொடிகள் காரணம் புலப்படாமல் வாடத் தொடங்கின. 1868ஆம் ஆண்டில் மோன்பெலியே நகரத்துத் தாவர நூலறிஞர் பிளான்ஷோனும் அவருடைய துணைவரும், பட்ட கொடிகளை விட்டு உயிருள்ள கொடிகளைத் தோண்டி, வேரில் மொய்த்திருந்த நுண்ணிய செடிப்பேனைக் கண்டனர். அமெரிக்காவிலிருந்து கொணர்ந்த கொடிகளோடு வந்த அப்பூச்சியே பிலொக்சரா. அமெரிக்கக் கொடி அதன் கடியைத் தாங்கும். ஐரோப்பியக் கொடி தாங்காது. 1875இல் பிரான்சின் மது விளைச்சல் ஏறத்தாழ 8 கோடியே 40 லட்சம் ஹெக்டோலிட்டர். 1889இல் அது 2 கோடியே 40 லட்சத்துக்கும் கீழே இறங்கியது. பதினான்கு ஆண்டுகளில் நான்கில் மூன்று பங்கு அழிந்தது என்றால் அவ்வுழவர் குடும்பங்கள் பட்ட பாட்டை எண்ணிப் பார்க்கலாம்.

மண்ணில் நஞ்சு செலுத்திப் பார்த்தனர். தோட்டங்களை நீரில் மூழ்கடித்துப் பார்த்தனர். முடிவில் நிலைத்த மருந்து ஒட்டுக் கட்டுதலே. அமெரிக்கக் கொடியின் வேரின்மேல் ஐரோப்பியக் கொடியின் கிளையை ஒட்டினால், வேர் பூச்சியைத் தாங்கும். மேற்கிளை பழைய பழத்தையே தரும். ரப்பர்க் கன்றுக்கு ஒட்டுக் கட்டும் முறையை அறிந்த மலேசியத் தோட்டத்தார்க்கு இதன் நுட்பம் எளிதில் விளங்கும்.

ஆனால் எல்லாக் கொடியும் எல்லா வேரோடும் ஒன்றுவதில்லை. மூர்வேதர் கொடி புதிய வேரில் எளிதாகப் பிடிக்கவில்லை. பிடித்ததும் குறைவாகவே காய்த்தது. கடனில் மூழ்கிய உழவன் முன் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, பிடிக்குமோ பிடிக்காதோ என்று ஐயுற்றுப் பழைய கொடியை நட்டுப் பல ஆண்டுகள் காத்திருப்பது. மற்றொன்று, அரமோன் போன்ற மிகுதியாகக் காய்க்கும் வகைகளை நட்டு, தரம் குறைந்தாலும் உடனே காசு பார்ப்பது. பெரும்பாலோர் இரண்டாவது வழியையே மேற்கொண்டனர். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். புகைவண்டிப் பாதை 1859இல் துலோனை எட்டியபின் துறைமுக வாணிகமும் தளர்ந்திருந்தது. பாந்தோல் பெயர் மங்கியது.

மிகுதியாக விளைந்ததும் உழவரை வாழவைக்கவில்லை. மலிவு மதுவும் கலப்பட மதுவும் சந்தையில் பெருகவே விலை வீழ்ந்தது. 1907ஆம் ஆண்டு ஜூன் மாதம் 9ஆம் நாள், மேற்கே லாங்கதோக் பகுதியின் மோன்பெலியே நகரில் திரண்ட உழவர் கூட்டம் ஐந்து லட்சத்தைத் தாண்டியது என்பர். அம்மாதமே நார்போன் நகரில் படையினர் சுட்டதில் உயிர்கள் மாண்டன. அளவு ஒன்றையே நம்பிய உழவு எங்குச் சென்று முடியும் என்பதற்கு அவ்வாண்டு ஒரு பாடம்.

ஒரு பழம் புட்டி

பாந்தோலின் மறுமலர்ச்சி ஒரு சிறு பண்ணையிலிருந்து எழுந்தது. லெ கஸ்தெலே ஊரை அடுத்த அப்பண்ணையின் பெயர் தொமேன் தாம்பியே. 1834 முதல் தாம்பியே குடும்பத்தாரின் உடைமை அது. அக்குடும்பத்துப் பெண் லூசியை, ‘லூலு’ என்று யாவரும் அழைத்த அம்மையாரை, 1936ஆம் ஆண்டில் லூசியேன் பேரோ என்பவர் மணந்தார். பேரோ வேளாண்மை பயின்றவர். அவருக்கு மாமனார் ஒரு பழம் புட்டியைத் திறந்து கொடுத்தார். பூச்சி வருவதற்குமுன் அப்பண்ணையிலேயே விளைந்த திராட்சையின் மது அது. அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் அதன் ஆற்றல் குன்றவில்லை.

அம்மதுவைச் சுவைத்த இளைஞர் பேரோவின் உள்ளத்தில் ஒரு வினா எழுந்தது. இதே நிலம், இதே வெயில், இதே குடும்பம். அன்று இயன்றது இன்று ஏன் இயலவில்லை? அவர் பழைய ஆவணங்களைத் தேடினார், முதியோரை வினவினார், அக்கம்பக்கத்து உழவரோடு கலந்தார். விடை ஒன்றாகவே வந்தது. முற்காலத்துப் பாந்தோல் மதுவில் மேலோங்கி நின்றது மூர்வேதர். இன்று தோட்டங்களில் இல்லாததும் அதுவே. இழந்தது கைத்திறன் அன்று, கொடியே என்பது தெளிவாயிற்று.

1940ஆம் ஆண்டில் பேரோ குடும்பம் பண்ணைக்கே குடிவந்தது. நாடு போரில் தோற்று, பகைவரின் பிடியில் துன்புற்ற காலம் அது. நாளைக்கு என்ன ஆகும் என்று அறியாத அந்நாட்களில், பல ஆண்டு கழித்தே முழுப்பயன் தரும் கொடிகளை நடத் துணிந்தது சிறிய செயல் அன்று. 1943ஆம் ஆண்டு விளைச்சலில் இளஞ்சிவப்பு மதுவைப் புட்டியில் அடைத்து விற்றனர். விரைவில் விலையாகும் அதுவே குடும்பத்துக்குச் சோறு போட்டது. பாந்தோல் என்னும் பெயர் தாங்கிய அப்பண்ணையின் முதற் செம்மது 1951ஆம் ஆண்டு விளைச்சலிலேயே வந்தது. குடிபுகுந்து பதினோர் ஆண்டுகள் கழிந்திருந்தன.

தமக்குத் தாமே இட்ட வேலி

ஒரு பண்ணை மட்டும் உழைத்தால் ஒரு வட்டாரம் மீளாது. பக்கத்துத் தோட்டத்தார் மலிவு மதுவுக்கும் பாந்தோல் என்றே பெயரிட்டு விற்றால், காத்திருந்தவன் கண்ட பயன் என்ன? எனவே பெயருக்கே காவல் வேண்டியிருந்தது.

1935ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் பிரான்சு அரசு பிறப்பித்த ஆணை, ஊர்ப்பெயர் தாங்கும் மதுவுக்கு நில எல்லையும் ஆக்கும் முறையும் வகுக்க வழிசெய்தது. அண்டை ஊரான கசி 1936இலேயே அவ்வுரிமையைப் பெற்றது. பேரோவும் அவரோடு உழைத்த உழவரும் முயன்றதன் பயனாக 1941ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாள் பாந்தோலும் அதனைப் பெற்றது. 1945 முதல் 1982 வரை பேரோவே அவ்வட்டார உற்பத்தியாளர் சங்கத்தின் தலைவராக விளங்கினார்.

அச்சட்டத்தின் போக்கு கருதத்தக்கது. தொடக்கத்தில் செம்மதுவில் மூர்வேதர் சிறு பங்கு இருந்தாலே போதும் என்று விதித்தனர். அப்போது அதற்கு மேல் கேட்டால் பலரிடம் கொடியே இல்லை. உழவர் நட நட, அப்பங்கை ஆண்டுகள்தோறும் படிப்படியாக உயர்த்தினர். இன்று அது நூற்றுக்கு ஐம்பதுக்குக் குறையக்கூடாது. எஞ்சிய பங்கில் கிரெனாஷ், சேன்சோ முதலிய வகைகள் சேரும். ஒரு ஹெக்டேர் நிலத்தில் 40 ஹெக்டோலிட்டர் அளவே விளைச்சலுக்கு வரம்பு. பழத்தைக் கையாலேயே பறிக்க வேண்டும், எந்திரம் ஆகாது. செம்மது குறைந்தது 18 மாதங்கள் மரப்பீப்பாயில் இருந்த பின்னரே புட்டிக்கு வரலாம். இவை யாவும் பிறர் திணித்த தளைகள் அல்ல. உழவரே கூடித் தமக்குத் தாமே இட்ட வேலி. நெப்போலியன் காலத்தில், 1804இல் வெளிவந்த பிரெஞ்சு உரிமைச் சட்டத் தொகுப்பை வரைந்தோருள் ஒருவரான போர்தாலிஸ், 1746இல் இவ்வட்டாரத்து லெ போசே ஊரில் பிறந்தவர் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

முதிர்ச்சி என்பது யாது?

மூர்வேதர் மது இளமையில் இனிமையானது அன்று. நிறம் கருமையாக இருக்கும். துவர்ப்பு நாவை இறுக்கும். சில வேளைகளில் பதப்படுத்திய தோலின் நாற்றம் வீசும். அறியாதார் இதனைக் கெட்டது என்றே எண்ணுவர். ஆனால் அத்துவர்ப்பே அதன் கவசம். மதுவைக் கெடுக்கும் பகை காற்றிலுள்ள உயிர்வளி. துவர்ப்புப் பொருள்கள் அவ்வுயிர்வளியைத் தாம் ஏற்று மதுவைக் காக்கின்றன.

தாம்பியே பண்ணையில் மதுவைப் பெரிய கருவாலி மரப்பீப்பாய்களில் வைத்துப் பேணுவர். சிறு புதுப்பீப்பாய் மரத்தின் மணத்தை மதுவில் ஏற்றிவிடும். பெரிய பழம்பீப்பாய் மணம் ஏற்றுவதில்லை. மரத்தின் நுண்துளை வழியே மிகச் சிறிதளவு காற்றை மட்டும் விடுகிறது. புட்டியில் அடைத்தபின்னும் மாற்றம் தொடரும். துவர்ப்பின் நுண்கூறுகள் நிறப்பொருள்களோடு ஒன்றோடொன்று பிணைந்து பெரிதாகின்றன. பெருத்தவை கனம் தாங்காமல் வண்டலாகக் கீழே தங்குகின்றன. நாவை இறுக்கியது மென்மையாகிறது. கருஞ்சிவப்பு செங்கல் நிறம் கொள்கிறது. பழமணம் அடங்கி, காட்டு மண்ணும் உலர்ந்த இலையும் அதிமதுரமும் போன்ற மணங்கள் எழுகின்றன. கசடு தங்கத் தெளிவது என்று பழந்தமிழர் ஒரே சொல்லில் அடக்கியது இதனையே.

அப்பண்ணையின் தோட்டங்களுள் லா மிகுவா, லா தூர்தீன் என்னும் இரண்டையும் தனித்தனியே புட்டியில் அடைக்கும் வழக்கம் உண்டு. ஆக்கும் கை ஒன்றே. நிலம் வேறு. ஆண்டுகள் செல்லச் செல்ல இரண்டின் வேறுபாடும் புலப்படும். மண்ணின் குரல் உடனே கேட்பதில்லை, காத்திருப்போர்க்கே கேட்கிறது.

இன்றைய நிலை

பண்ணையின் புகழ் கடல் கடந்தது. அமெரிக்காவின் பெர்க்கிலி நகரத்து மது வணிகர் கெர்மிட் லிஞ்ச் 1988இல் வெளியிட்ட நூலில் பேரோ குடும்பத்தைப் பற்றி எழுதினார். லூலு அம்மையாரின் சமையலைப் பற்றி ரிச்சர்ட் ஒல்னி எழுதிய நூல் 1994இல் வந்தது. லூசியேன் பேரோ 1996இல் மறைந்தார். லூலு அம்மையார் 102 ஆண்டுகள் வாழ்ந்து 2020ஆம் ஆண்டு அக்டோபரில் மறைந்தார்.

இன்று மூர்வேதர் பாந்தோலில் மறையும் கொடி அன்று. ஆனால் புதிய சோதனைகள் எழுந்துள்ளன. பாந்தோலில் இன்று ஆகும் மதுவில் பெரும்பங்கு இளஞ்சிவப்பு மதுவே. அது அடுத்த கோடையிலேயே விலையாகிறது. செம்மதுவோ ஆண்டுக்கணக்கில் நிலவறையில் முதலை முடக்குகிறது. கடற்கரை நிலத்தை விடுமுறை மாளிகைகளுக்காக வாங்குவோர் பலர். வெப்பம் ஏறிவருவதால் பழம் விரைவில் பழுத்து மதுவின் வெறியம் மிகுகிறது. ஒரு காலத்தில் பழுக்குமோ என்று அஞ்சிய கொடியை, மிகையாகப் பழுத்துவிடுமோ என்று அஞ்சும் காலம் வந்துள்ளது.

தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு இவ்வரலாறு தரும் விடை இதுவே. நெடுநாள் நிற்கும் ஆற்றல் மண்ணில் உண்டு, கொடியில் உண்டு, கையிலும் உண்டு. ஆனால் இம்மூன்றையும் பிணைத்து நிறுத்துவது காத்திருக்கத் துணிந்தோர் தம்முள் செய்துகொண்ட உடன்பாடு. ஒரு தலைமுறை அவ்வுடன்பாட்டைக் கைவிட்டபோது மண் இருந்தும் மது மறைந்தது. மற்றொரு தலைமுறை மேற்கொண்டபோது மீண்டது. படிநிலத்தின் கற்சுவரும் அப்படியே. அதனைக் கட்டியவன் எப்போதோ மறைந்தான்; ஆண்டுதோறும் இடியும் கல்லை எடுத்து வைப்பவன் இருக்கும்வரைதான் அச்சுவர் நிற்கும்.